கூடத்தில் ஒரு ஜங்ஷன்

ஜெர்மனியில் கம்பெனி திவாலாகிப் பிழைத்தது. இங்கிலாந்தில் பெரிய கடை ஒன்று மூடிவிட்டது. ஜப்பானில் தண்டவாளம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. ரயிலென்றால் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்ளும் நம் நாட்டில் மட்டும் மாடல் ரயில் ஏன் வேர்பிடிக்கவில்லை?

க்னுஃபிங்கென் நகரத்தில் மறுபடியும் தீ விபத்து. அலாரம் கேட்டதும் தீயணைப்பு நிலையத்துக் கதவுகள் திறக்கின்றன. நீல விளக்குகள் சுழல, சிவப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து முனையில் திரும்பி, மேட்டுச் சாலையில் ஏறி, எரிகிற கட்டடத்தைச் சுற்றி நிற்கின்றன. பதறுவதற்கு அங்கே ஆள் இல்லை. வேலிக்கு இந்தப்புறம் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். இந்த ஊரில் தீப்பிடிக்காத நாளே கிடையாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பொழுது சாயும். வீடுகளில் விளக்கு எரியும். தெருவிளக்கின் அடியில் யாரோ யாரையோ முத்தமிட்டுக்கொண்டு நிற்பார்கள். ஊரில் ஆறடி ஆள் ஒருவருக்கு உயரம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் ஷ்பைஷர்ஷ்டாட் என்று ஒரு பழைய கிடங்குப் பேட்டை இருக்கிறது. காப்பிக் கொட்டையும் வாசனைப் பொருள்களும் அடுக்கிவைத்த செங்கல் கட்டடங்கள். அவற்றில் ஒன்றில்தான் 'மினியாடூர் வுண்டர்லாண்ட்' இயங்குகிறது; க்னுஃபிங்கென் அதற்குள் இருக்கும் ஊர். உலகிலேயே பெரிய மாடல் ரயில் என்று கின்னஸில் ஏறியது. இதைத் தொடங்கிய ஃப்ரெடரிக் பிரவுனும் கெரிட் பிரவுனும் இரட்டையர்கள். அதுவரை இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்தவர்கள். 2000ஆம் ஆண்டில் சூரிக் நகரத்துக் கடை ஒன்றில் மாடல் ரயிலைப் பார்த்த ஃப்ரெடரிக்குக்குச் சின்ன வயது ஆசை திரும்ப வந்துவிட்டது. உடனே தம்பிக்கு போன். 2001 ஆகஸ்டில் கதவு திறந்தாயிற்று. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். 2011இல் இந்த ஊருக்கு விமான நிலையமும் வந்தது. விமானம் ஓடுபாதையில் ஓடி, மூக்கைத் தூக்கி, மேகத்துக்குள் போய் மறையும். அந்த ஒரு வேலைக்கு ஆறு ஆண்டும் 35 லட்சம் யூரோவும் ஆனது. நம் ஊரில் நிஜ விமான நிலையத்துக்கே அவ்வளவு நாள் ஆகிறது என்பீர்கள், அதுவும் சரிதான்.

இந்தச் சகோதரர்களின் கெட்டிக்காரத்தனம் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. மாடல் ரயில் என்றால் ஆண்கள் ஓடிவருவார்கள், பெண்கள் கொட்டாவி விடுவார்கள் என்று தொடங்கும்போதே அவர்களுக்குத் தெரியும். அதனால் ரயிலைச் சுற்றி ஊரைக் கட்டினார்கள். ஊருக்குள் திருட்டு, கல்யாணம், சண்டை, சர்க்கஸ், திருவிழா எல்லாம் வைத்தார்கள். ரயில் ஓடுகிறதே என்று பார்க்க வருகிறவர் அரை நாள் நின்று ஆளைப் பார்க்கிறார்.

ஆனால் இது ஊர்வலம் போகிற தேர். வீட்டு முற்றத்துக் கதை வேறு. இந்தப் பொழுதுபோக்கை அறுபது எழுபது ஆண்டுகளாகத் தாங்கி நின்றவை கடைத்தெருக் கடையும், ஞாயிற்றுக்கிழமை கிளப்பும், அப்பாவின் மாடியறையும். அவைதான் இப்போது ஆட்டம் கண்டிருக்கின்றன.

ஜல்லியும் ஃபெவிகாலும்

மாடல் ரயில்காரர் ரயில் ஓட்டும் நேரம் கொஞ்சம்தான். தச்சு வேலை, வயரிங், பெயின்ட், துடைப்பது ஆகியவை மீதி நேரத்தை விழுங்கிவிடும். பிளைவுட் பலகை, அடியில் ரீப்பர் சட்டம், அதன் மேல் ஓசையை உறிஞ்ச கார்க் பட்டை, பிறகு தண்டவாளம். இதுவரை உற்சாகமாக வருகிறவர்களை ஜல்லி வடிகட்டிவிடும்.

கடுகைவிடச் சின்னக் கற்கள். டீ ஸ்பூனில் அள்ளித் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிச் சமன்செய்ய வேண்டும். ஸ்லீப்பர் தலையில் ஒரு கல் நிற்கக் கூடாது. ரயில் சக்கரத்தின் விளிம்பு போகிற உள்பக்கத்தில் ஒரு கல் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வண்டி தடம்புரளும். பசையை நேரே ஊற்றினால் துளி உருண்டையாக நின்று, கற்களையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்து தெளிக்கிறார்கள். அந்த ஈரத்தில், தண்ணீர் விட்டு நீர்க்கவைத்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டால் அது தானே உள்ளே இறங்கும். காய்வதற்கு ஒரு ராத்திரி. காலையில் விரலால் தட்டிப் பார்த்தால் ஜல்லி கல்லாகக் கெட்டித்திருக்கும். பாயிண்ட் பக்கத்தில் மட்டும் கை நடுங்கும். தடம் மாற்றும் நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு ஓடிவிட்டால் பாயிண்ட் அதோடு சரி, அசையாது. கைப்பழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே நாக்கில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்துவிடுவார்கள்.

ஒரு மீட்டர் தண்டவாளத்துக்கு இத்தனை. இதற்கப்புறம் மண், புல், மரம். ஜெர்மன் கம்பெனிகள் பொட்டலம் பொட்டலமாகப் புல் விற்கின்றன. சமையலறையிலும் வேண்டியது கிடைக்கும்: காய வைத்த டீத்தூள் செம்மண் ஆகும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தால் வேலிச்செடி. உலர்ந்த தேங்காய் நாரிலிருந்து கோரைப்புல் வருகிறது. கூடத்து மேஜையில் இவ்வளவையும் பரப்பிவைத்த மனிதரை அந்த வீட்டார் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

[பெட்டிச் செய்தி: எந்த அளவு ரயில்?
உலகில் அதிகம் ஓடுவது எச்.ஓ. அளவு. நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனில் ஓ.ஓ.: 76.2இல் ஒரு பங்கு, ஆனால் தண்டவாளம் அதே 16.5. இடம் குறைந்தவர்களுக்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் என் கேஜ்; ஐரோப்பாவில் 160இல் ஒரு பங்கு, ஜப்பானில் சாதாரண ரயிலுக்கு 150இல் ஒரு பங்கு. மெர்க்லின் கம்பெனி 1972இல் கொண்டுவந்த இசட் கேஜில் தண்டவாள இடைவெளி 6.5 மில்லிமீட்டர்தான். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் எக்ஸ்பிரஸ், எச்.ஓ. அளவில் நொடிக்கு 35 சென்டிமீட்டர் நகர்ந்தால் கணக்குச் சரி. பார்க்கிறவர்களுக்கு அது நத்தை வேகம். அதனால்தான் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் வண்டியைப் பறக்கவிட்டு வளைவில் கவிழ்க்கிறார்கள்.]

சுற்றி வந்தால் ஷார்ட்

தண்டவாளத்தின் ஒரு கம்பியில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ். சக்கரம் வழியாக மின்சாரம் ஏறி மோட்டார் சுழலும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஒரு நாள் வண்டியைத் திருப்பி அனுப்ப ஆசைப்பட்டு, கடைசி ஸ்டேஷனைத் தாண்டிப் பாதையை வட்டமாக வளைத்து, வந்த வழியிலேயே கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். சேருகிற இடத்தில் இடது கம்பி வலது கம்பியோடு இணைந்துவிடும். பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றாகி, ஷார்ட் சர்க்யூட். மெர்க்லின் இதற்கு வேறு வழி பார்த்தது: இரண்டு கம்பிகளும் ஒரே முனை; மறுமுனை நடுவில், ஸ்லீப்பர்களில் தலைகாட்டும் சிறு குமிழ்களில். வண்டிக்கு அடியில் ஒரு பட்டை அந்தக் குமிழ்களை உரசிக்கொண்டே போகும். எப்படி வளைத்தாலும் ஷார்ட் ஆகாது. அழகில்லை என்று மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். மெர்க்லின்காரர்கள் அதில் உறுதியாக நிற்கிறார்கள்.

பழைய முறையில் வோல்டேஜ் கூட்டினால் அந்தத் தடத்தில் இருக்கிற எல்லா இன்ஜினும் சேர்ந்து கிளம்பும். ஒன்று நிற்க, ஒன்று போக வேண்டுமென்றால் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். இந்தத் தலைவலியை 1980களின் கடைசியில் லென்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கிய டிஜிட்டல் முறை தீர்த்தது. டி.சி.சி. என்பது அதுதான், அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 1990களில் அதைப் பொதுத் தரமாக்கியது. தடம் முழுக்க எப்போதும் முழு மின்சாரம். அதிலேயே கட்டளையும் போகிறது: மூன்றாம் நம்பர் இன்ஜின், முன்னால் போ, ஏழாம் நம்பர், விளக்கு போடு, ஹாரன் அடி. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகத்தளவு டிகோடர் தன் நம்பரை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும். இந்தத் தரத்தைப் பின்பற்றும் எந்த நாட்டுக் கம்பெனி இன்ஜினும் அதைப் பின்பற்றும் எந்த நாட்டுக் கன்ட்ரோலருக்கும் கட்டுப்படுகிறது. பொதுத் தரம் இல்லாமல் தலைக்கொரு வழி போயிருந்தால் இந்தப் பொழுதுபோக்கு அந்தப் பத்தாண்டிலேயே நொடித்திருக்கும் என்பது என் கணிப்பு.

மேஜைக்கு அடியில் பிறந்த வீடியோ கேம்

'வீடியோ கேம் வந்தது, பிள்ளைகள் ரயிலை மறந்தார்கள்' என்று இந்தத் துறையில் புலம்பாத ஆள் இல்லை. அந்த வீடியோ கேம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) 1946இல் தொடங்கிய மாடல் ரயில் கிளப் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு மேஜைக்கு மேலே வேலை: மலை, மரம், கட்டடம், பெயின்ட். மறு கட்சி மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை நூற்றுக்கணக்கில் பின்னி, டெலிபோன் டயலைச் சுழற்றி ரயிலை ஓட்டுகிற கூட்டம். 'சிக்னல் அண்டு பவர்' என்று அதற்குப் பெயர். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ராத்திரி முழுக்க விழித்திருந்து, ஒரு கருவியைப் பிரித்துப் பார்த்து மேம்படுத்துகிற அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களை நெருங்கினார்கள். ஹேக்கர்கள் என்ற வம்சத்தின் மூலவர்கள் இவர்கள்தான் என்று கணினி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1961இல் பி.டி.பி.–1 கம்ப்யூட்டர் வந்தது. மறு ஆண்டு, கிளப் உறுப்பினரான ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். கம்ப்யூட்டரின் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முழங்கை வலித்தது. ஆலன் கோடோக், ராபர்ட் சாண்டர்ஸ் இருவரும் ரயில் கிளப்பில் கிடந்த உதிரிபாகங்களைக் கொண்டு கைக்கு அடக்கமான கன்ட்ரோல் பெட்டிகள் செய்தார்கள். இன்று உங்கள் பையன் கையில் இருக்கும் கேம்பேடுக்கு அதுவே முப்பாட்டன்.

கணினி உலகில் மாடல் ரயிலின் இன்னொரு விளைவு நீதிமன்றத்தில் நடந்தது. ராபர்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் மாடல் ரயிலைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எழுதியவர் பெயரைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு இலவசமாகக் கொடுத்தார்கள். வணிக மென்பொருள் விற்கும் ஒருவர் அதிலிருந்து பகுதிகளை எடுத்துப் பெயர் போடாமல் பயன்படுத்தினார். வழக்கு மேல்முறையீடுவரை போனது. இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஓபன் சோர்ஸ் உரிமங்களுக்குச் சட்ட பலம் தந்த தீர்ப்புகளில் இது முதன்மையானது. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஓபன் சோர்ஸை நம்பிப் பிழைக்கிற அத்தனை கம்பெனிக்கும் ஒரு பொம்மை ரயில் வழக்கு துணை நிற்கிறது.

பூச்செடிக்கு அடியில் சுரங்கம்

மாடல் ரயிலால் வீட்டில் நடக்கும் பஞ்சாயத்துக்கு வால்ட் டிஸ்னியே சாட்சி. 1950இல் தன் வீட்டுத் தோட்டத்தில் ஆள் உட்கார்ந்து போகிற அளவுக்கு, எட்டில் ஒரு பங்கு ரயில் போட்டார். பாதை மனைவி லில்லியனின் பூச்செடிப் பாத்தி வழியே போக வேண்டியிருந்தது. வக்கீலை வைத்து, இந்த இடத்தில் ரயில் ஓட்டிக்கொள்ளும் உரிமையை வீட்டார் அளிக்கிறோம் என்று பத்திரமே எழுதி, மனைவி மகள்களிடம் கையெழுத்து வாங்கினார். பூச்செடிக்கு மட்டும் சேதம் கூடாது. 90 அடிக்குச் சுரங்கம் தோண்டி அடியில் விட்டார். இன்ஜினுக்கு 'லில்லி பெல்' என்று மனைவி பெயர். ஐந்தாண்டு கழித்துத் திறந்த டிஸ்னிலாண்டைச் சுற்றி ரயில் ஓடுவதற்கு இந்தத் தோட்டம்தான் ஒத்திகை.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் 2019இல் ஒரு மாடல் ரயில் பத்திரிகையின் அட்டையில் வந்தார். வீட்டு மேல்தளத்தில் 1,500 சதுர அடியில், இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். பாட்டுக் கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது ஓட்டல் அறையில் உட்கார்ந்து கட்டடம் ஒட்டுவாராம். 'காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்திருப்பார்' என்று ரேடியோவில் பேச்சு வந்ததும், நிகழ்ச்சிக்கே போன் போட்டு, 90 சதவீதம் என் கை வேலை என்று சண்டைக்கு வந்துவிட்டார். கோடிக்கணக்கில் பாட்டு விற்றவருக்கு ஜல்லி ஒட்டிய பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லை.

அதே ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் நகரத்தில், மறுநாள் கண்காட்சிக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் பரப்பிவைத்திருந்த மாடல் ரயில் லேஅவுட்டுகளை ராத்திரியில் புகுந்த சிறுவர்கள் மிதித்து நொறுக்கிவிட்டார்கள். காலையில் கதவைத் திறந்த மார்க்கெட் டீப்பிங் கிளப் பெரியவர்கள், தரையெல்லாம் சிதறிக் கிடந்த ஓட்டு வீடுகளையும் உடைந்த பெட்டிகளையும் பார்த்து நின்றார்கள். 500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று நன்கொடை கேட்டார்கள்; ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. ராட் ஸ்டூவர்ட் 10,000 கொடுத்தார். அந்தப் பணத்தில் புது இன்ஜின் வாங்கலாம். ஓய்வு பெற்ற ஒருவர் பத்து வருஷம் பொழுது பார்த்துச் செதுக்கிய தெருவை எந்தக் கடையில் வாங்குவது?

பெரியவர் போன பிறகும் இதே கேள்விதான் வருகிறது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பரிசாக மெர்க்லின் பெட்டி வாங்கிய பையன்களுக்கு இன்று எழுபது வயது. நிலவறையில் அவர்கள் அடுக்கிவைத்ததை என்ன செய்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இன்ஜின்களைக் கழற்றி ஏலத்தில் விடலாம். சொத்து என்று நம்பிச் சேர்த்தவற்றுக்குப் பழைய விலை இல்லை. பலகையோடு ஒட்டிய ஊரை வாங்க ஆளில்லை. ரம்பம் போட்டு அறுத்துத்தான் வெளியே எடுக்க முடியும்.

[பெட்டிச் செய்தி: விளையாட்டு இல்லாத மாடல் ரயில்
இங்கிலாந்தின் லங்காஷயர்–யார்க்ஷயர் ரயில்வே, சிக்னல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க நூறாண்டுக்கு முன்பே மான்செஸ்டரில் மாடல் ரயில் போட்டது. இன்று யார்க் நகர ரயில்வே அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. நம் ரயில்வே பயிற்சிப் பள்ளிகளிலும் 'மாடல் ரூம்' உண்டு. பாயிண்ட், சிக்னல், பிளாக் கருவி எல்லாம் மேஜைமேல் இயங்கும். ஸ்டேஷன் மாஸ்டராகப் போகிறவர் நிஜ வண்டியைத் தப்பான தடத்தில் விடுவதற்குமுன் இங்கே விட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.]

ஷட்டர் இறங்கிய கடைத்தெரு

மெர்க்லின் 1859இல் கோப்பிங்கென் ஊரில் பொம்மை வீட்டுச் சாமான் செய்து தொடங்கிய கம்பெனி. 1891 லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் எட்டு வடிவில் ஓடும் ரயிலைக் கொண்டுவந்து வைத்தது. அளவுகளை வகுத்து, இன்று வண்டி, நாளை பாயிண்ட், அடுத்த பண்டிகைக்கு ஸ்டேஷன் என்று ஒன்றோடொன்று பொருந்துகிறமாதிரி விற்றது. இந்த யோசனையில்தான் மொத்தத் தொழிலும் நிற்கிறது: முதல் பெட்டி வாங்கியவர் திரும்பத் திரும்பக் கடைக்கு வருவார். பிரிட்டனில் ஃப்ராங்க் ஹார்ன்பி 1920 முதல் அதே வழியில் போனார்.

நூற்றைம்பதாம் ஆண்டு விழா கொண்டாட வேண்டிய 2009 பிப்ரவரியில் மெர்க்லின் திவால் மனு போட்டது. மீண்டு எழுந்து, 2013இல் ஒரு பொம்மைக் கம்பெனிக் குடும்பத்தின் கைக்குப் போய், இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒலியோடு வரும் புது இன்ஜின் ஒன்றுக்கு 300 முதல் 500 யூரோ சர்வசாதாரணம். பத்து வயதுப் பையனின் உண்டியலுக்கு அது எட்டாது. அறுபது வயதுக்காரரின் பென்ஷனைக் குறிவைத்த விலை. வாங்குகிறவர் வயதாக ஆக, சரக்கு நுணுக்கமாகி விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, புதிதாக வருகிறவர் குறைகிறார்.

2024 ஜனவரியில் பிரிட்டனில் ஒரே வாரத்தில் இரண்டு இடி. 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை மூடுவதாக அறிவித்தது. பர்மிங்காமில் ஆண்டுதோறும் நடந்த வார்லி தேசியக் கண்காட்சி இனி இல்லை என்று அதை நடத்திய கிளப் சொன்னது. வருகிற கூட்டம் மட்டும் காரணமில்லை. மேஜை தூக்க, டிக்கெட் கிழிக்க, பார்க்கிங் பார்க்க இளவட்டம் இல்லை. முன்னதாக 2022இல் ஹார்ன்பி கம்பெனி டி.டி. என்ற அளவில் ரயில் கொண்டுவந்தபோது, கடைகளை விட்டுவிட்டுத் தன் இணையதளத்தில் மட்டும் விற்றது. கடைக்காரர்கள் கொதித்தார்கள். கம்பெனிக்கு லாபக் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். 'இந்த வளைவில் உன் வண்டி கவிழும், அந்தத் துண்டை வாங்கு' என்று சொல்கிற மனிதரை இணையதளத்தில் எங்கே தேடுவது? இந்தப் பொழுதுபோக்கைக் கொல்வது செல்போன் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு கடையும், தப்பைச் சொல்ல ஒரு தெரிந்தவரும் இல்லாத ஊரில் இது முளைக்காது.

நம் ஊரில் ஏன் இல்லை?

அப்படி ஒரு கடை நம் ஊர்களில் பெரும்பாலும் வந்ததே இல்லை. புனேயில் பாவுசாகேப் ஜோஷி ஆயுள் முழுக்கச் சேர்த்தும் செய்தும் உருவாக்கிய மாடல் ரயில் கூடம் 1998 முதல் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. அதுபோன்றவை விதிவிலக்கு.

காரணம் கேட்டால் முதலில் கேஜைச் சொல்வார்கள். எச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டரை 87ஆல் பெருக்கினால் ஐரோப்பிய ரயிலின் 1,435 வருகிறது. நம் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர், 19.3 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும், கடையில் கிடையாது. ஆகவே நம் வைகை எக்ஸ்பிரஸ் ஒல்லிக் காலில் ஓட வேண்டியதுதான். உண்மைதான், ஆனால் இது சாக்கு. பிரிட்டனின் ஓ.ஓ. கணக்குப்படி அவர்கள் ரயில் 1,257 மில்லிமீட்டர் பாதையில் ஓடுகிறது, நிஜம் 1,435. அந்தத் தப்போடுதான் ஒரு தேசமே பல தலைமுறையாக ரயில் ஓட்டியது. ஜப்பானில் நேர்மாறு: நிஜப் பாதை பெரும்பாலும் 1,067 மில்லிமீட்டர், மாடல் 1,350ஐக் காட்டுகிறது. அங்கே அது பெருந்தொழில்.

இடம் என்பதும் அரை உண்மை. 22 பெட்டி எல்.எச்.பி. எக்ஸ்பிரஸை எச்.ஓ. அளவில் கோத்தால் இன்ஜினோடு 20 அடிக்கு மேல் நீளும். கூடத்தில் நுழைந்து அடுக்களையில் முடியும். 2025இல் திறந்த பாம்பன் புதுப் பாலத்தை முழுசாகச் செய்ய 24 மீட்டர் வேண்டும். ஆனால் யாரும் முழுசாகச் செய்வதில்லை. பாம்பனில் மேலே தூக்கும் அந்த ஒரு கண் 72.5 மீட்டர், மாடலில் 83 சென்டிமீட்டர்தான். இரண்டு பக்கமும் நாலு நாலு தூணும் அடியில் நீலமும் போதும், பார்க்கிறவர் மிச்சத்தைத் தாமே போட்டுக்கொள்வார்.

மூன்றாவது காரணம் சுங்கம்; இது நிஜமான முட்டுக்கட்டை. மாடல் ரயில் நம் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகிறது. மலிவான சீனப் பொம்மையைத் தடுக்க 2020 பட்ஜெட்டில் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு இது நல்லது செய்திருக்கலாம். ஜெர்மன் இன்ஜினுக்கு உள்ளூரில் போட்டியே இல்லை. அதுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. பத்துப் பெட்டி தருவித்து விற்று ஆசையை மூட்டக்கூடிய சின்னக் கடைக்காரருக்கு இது கட்டுப்படியாகாது. துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மச்சானின் சூட்கேஸை நம்பி ஒரு பொழுதுபோக்கு வளர்ந்துவிடாது.

இதில் நாம் இழப்பது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேல் ஓடிய மீட்டர்கேஜ் இன்று நீலகிரி மலை ரயிலில் மட்டும் மிச்சம். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போன மெயில், கடற்கரை–தாம்பரம் மஞ்சள்–பழுப்பு மின்சார வண்டிகள், செங்கோட்டைக் கணவாயில் மூச்சுவாங்கி ஏறிய நீராவி இன்ஜின், இவற்றின் தண்ணீர் நிரப்பும் தூண், சிக்னல் கை, ஸ்டேஷன் பெஞ்ச் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஐரோப்பாவில் மூடிய கிளைப்பாதை ஒவ்வொன்றையும் யாராவது அளந்து, படம் வரைந்து, செய்து வைத்திருக்கிறார்கள். நமக்கு நல்ல செய்தி என்னவென்றால், கேஜ் தொல்லை இதில் கிட்டத்தட்ட இல்லை. சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் 87 மடங்கில் 1,044 காட்டுகிறது. நம் மீட்டர்கேஜ் 1,000. ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் வகுப்பு இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவைதாம், சம்பந்தம் பொருத்தம்தான். உடலை 3டி பிரின்டரில் எடுக்கலாம். கோவையிலும் அம்பத்தூரிலும் அந்த வேலை செய்து கொடுக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

இடத்துக்கும் ஜப்பான்காரர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் நகரத்து வீடுகளில் இடம் குறைவுதான். கடையின் பின்பக்கம் பெரிய லேஅவுட் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஆபீஸ் முடிந்து வருகிறவர் பையிலிருந்து தன் வண்டியை எடுத்து வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இன்னொன்று, 308 மில்லிமீட்டர், அதாவது ஓரடி நீளப் பலகையில் என் கேஜ் தடம் பதிக்கும் முறை. ஆளுக்கொரு பலகை செய்து புத்தக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை கல்யாண மண்டப மேஜையிலோ பள்ளிக்கூட ஹாலிலோ எல்லாப் பலகையையும் க்ளிக் என்று கோத்தால் இருபது வீட்டு ரயில் ஒரே பாதையில் ஓடும். ஒருவர் பரங்கிமலை செய்யட்டும், ஒருவர் மணியாச்சி, ஒருவர் குன்னூர். கேஜ் தப்பு என்று யாராவது ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஜப்பானில் என் கேஜ் 1965 முதல் தப்பாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, டீ வாங்கி வரச் சொல்லலாம்.